காலண்டரில் ஒரு ‘வ’, ஒரு ‘மா’

அன்புள்ள ஐயா,

காவேரிப்பட்டணம் அருகே ஒரு மாங்கூழ் ஆலையில் கணக்கு எழுதுகிறேன். பதினாறு வயதிலிருந்தே தலைவலி. முன்பெல்லாம் மாதத்துக்கு இரண்டு முறை வரும். வாந்தியெடுத்துவிட்டுத் தூங்கினால் போய்விடும். இந்த மூன்று வருடங்களாகக் காலையில் கண் விழிப்பதே வலியோடுதான். கண்ணாடி மாற்றினேன். சைனஸ் என்று மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிட்டேன். ஸ்கேனில் ஒன்றுமில்லை. “டாக்டரே ஒன்றுமில்லை என்றாரே, பிறகென்ன?” என்கிறார் மாமியார். காலையில் ஒரு மாத்திரை போட்டால்தான் வேலைக்குப் போக முடிகிறது. உங்களுக்கும் இந்த வலி உண்டு என்று எழுதியிருந்தீர்கள். எப்படி மீண்டீர்கள்? பெங்களூர் போனால் குணமாகுமா?

சு., கிருஷ்ணகிரி மாவட்டம்

அன்புள்ள சு.,

நான் மீளவில்லை. மாதத்தில் நான்கைந்து நாள் இப்போதும் தர்மபுரி வீட்டில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு ஈரத்துண்டோடு படுத்திருக்கிறேன். முன்பு இருபது நாளுக்குமேல் அப்படிக் கிடந்தவனுக்கு இதுவே பெரிய விடுதலை.

உங்கள் கடிதத்தில் வலியைப் பற்றிய வரிகளைவிட அந்தக் காலை மாத்திரையைப் பற்றிய வரிதான் என்னை உறுத்தியது. நானும் அப்படித்தான் இருந்தேன். பஸ் நிலையத்துக்குப் பக்கத்து மருந்துக் கடைக்காரர் என் தலையைக் கண்டதும், வாய் திறக்கும் முன்பே அட்டையைக் கிழித்து நீட்டுவார். நல்ல மனிதர், சில்லறைகூடப் பிறகு தரச் சொல்வார்.

கடைசியில் ஒரு டாக்டர் வித்தியாசமாகக் கேட்டார்: “மாதத்தில் வலியே இல்லாத நாள் எத்தனை?” எனக்குப் பதில் தெரியவில்லை. காலண்டரில் குறித்து வரச் சொன்னார். நகைக்கடையில் கொடுத்த காலண்டரில், அமாவாசைக்கும் கரிநாளுக்கும் நடுவே பென்சிலால், வலித்த நாளில் ‘வ’, மாத்திரை போட்ட நாளில் ‘மா’ என்று எழுதினேன். மாதக் கடைசியில் எண்ணினால் ‘வ’ 22, ‘மா’ 26. அதாவது மாத்திரை போட்டதில் நான்கு நாள் வலிக்கவே இல்லை. வந்துவிடுமோ என்ற பயத்துக்கு மாத்திரை போட்டிருக்கிறேன்.

சாதாரண வலி மாத்திரையை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, பல மருந்து கலந்த மாத்திரையை 10 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கும் மேலாகப் போட்டுவந்தால் அந்த மாத்திரையே தலைவலியை வளர்க்கக்கூடும். ஏற்கெனவே ஒற்றைத் தலைவலி (மைக்ரேன், உங்களுக்கு முன்பு வாந்தியோடு விட்டுவிட்டு வந்ததைப் போன்றது) உள்ளவர்களுக்குத்தான் இது அதிகம். முதுகுவலிக்கு அதே மாத்திரையைத் தினமும் தின்கிறவருக்குப் பொதுவாகத் தலை வலிப்பதில்லை என்பது இதில் ஒரு வேடிக்கை. மாதம் இரண்டாக இருந்தது தினசரியாக மாறிய உங்கள் கதை இதனோடு பொருந்துகிறது. ஆனால் நான் டாக்டர் இல்லை. சில மாத்திரைகளைச் சட்டென்று நிறுத்தவும் கூடாது. எனவே டாக்டரைக் கேட்டுக்கொண்டு நிறுத்துங்கள். நிறுத்திய முதல் பத்து நாள் வலி முன்னைவிட மோசமாகும். நான் நெற்றியில் சுக்குப் பற்றைப் போட்டுக்கொண்டு வீட்டாரைத் திட்டித் தீர்த்தேன்.

அதோடு டாக்டர் எழுதித் தந்தது அமிட்ரிப்டிலின், இரவில் 10 மில்லிகிராம். சீட்டைப் பார்த்த கடைக்காரர் குரலைத் தாழ்த்தி, இது மனநோய்க்குக் கொடுப்பதாயிற்றே என்றார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. ஒரு மாதம் அட்டையைப் பிரிக்காமல் மேசை டிராயரில் போட்டு வைத்தேன். பிறகுதான் தெரிந்தது, தலைவலியைத் தடுக்க வெகுகாலமாகக் கொடுத்துவரும் மருந்துகள் பலவும் இப்படி வேறு வீட்டுப் பிள்ளைகள்தான். ப்ரொப்ரனலால் இதயத்துக்காக வந்தது, டோபிரமேட் வலிப்புக்காக வந்தது. வந்த வலியை அடக்கும் மாத்திரை வேறு, வராமல் தடுக்கும் மாத்திரை வேறு. இரண்டாவது வகை வேலை செய்கிறதா என்று தெரியவே ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். பத்து நாள் பார்த்துவிட்டுத் தூக்கிப் போடுகிறவர்கள்தான் அதிகம். எனக்கு ஏழாவது வாரம் ஒரு காலையில், காபியைக் குடித்து முடித்த பிறகுதான் தலை என்று ஒன்று இருப்பதே நினைவுக்கு வந்தது.

மாமியாரிடம் சொல்லுங்கள்: ஒற்றைத் தலைவலி ஸ்கேனில் தெரியாது. கட்டியோ ரத்தக் கசிவோ இல்லை என்பதற்குத்தான் ஸ்கேன். இந்த வலியிலேயே மூக்கு அடைத்துக் கண்ணில் நீர் வடிவதும் உண்டு. சைனஸ் என்று பலர் ஏமாறுவது அதனால்தான்.

எல்லாத் தலைவலியும் ஒன்றில்லை என்பதற்கு எனக்குத் தெரிந்த ஒரு லாரி ஓட்டுநரைச் சொல்கிறேன். தினமும் நள்ளிரவு தாண்டி ஒரே நேரத்துக்கு ஒரு பக்கக் கண்ணைக் குடைந்துகொண்டு வரும். நாம் அசையாமல் படுப்போம். அவர் உட்கார முடியாமல் முற்றத்தில் நடந்துகொண்டே இருப்பார். பல் என்று நினைத்து இரண்டைப் பிடுங்கிவிட்டார்கள். அது கொத்துத் தலைவலி (கிளஸ்டர் தலைவலி). முகமூடி வைத்துச் சுத்தமான ஆக்சிஜனை வேகமாகக் கொடுத்தால் கால் மணி நேரத்தில் பலருக்கு அடங்குகிறது. பெயர் தெரிந்தபோது பற்கள் போயிருந்தன.

பெங்களூரில் உள்ள நிமான்ஸ் மனநல, நரம்பியல் மருத்துவமனைக்கு உங்கள் ஊரிலிருந்து விடியற்காலை பஸ் ஏறுகிறவர்களை நான் அறிவேன். முதலிலேயே அங்கே போக வேண்டியதில்லை. கிருஷ்ணகிரியிலும் தர்மபுரியிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. பொது மருத்துவப் பிரிவுக்குப் போங்கள். நான் சொன்ன தடுப்பு மருந்துகள் பழையவை, விலை குறைந்தவை. அவற்றில் இரண்டை முழு அளவில், முழுக் காலம் சாப்பிட்டும் பலிக்காவிட்டால் பெங்களூருக்குப் போகலாம். 2018 முதல் வந்திருக்கும் மாதாந்திர ஊசிகளைப் பற்றி அங்கே கேட்கலாம், விலைதான் தலைவலி. ஆஸ்துமா இருந்தாலோ, குழந்தைக்குத் திட்டமிருந்தாலோ டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். இந்தத் தடுப்பு மருந்துகளில் சில அப்போது கூடாது. இடி விழுந்ததுபோல் திடீரென்று வலி வந்தாலும், காய்ச்சலோடு கழுத்து விறைத்தாலும், கை கால் மரத்தாலும், பேச்சு குழறினாலும் காலண்டரை விட்டுவிட்டு அன்றே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

மாங்காய்ப் பருவத்தில் ஆலையில் சாப்பாட்டு நேரம் தள்ளித் தள்ளிப் போகும், தோலும் கொட்டையும் புளிக்கும் வாடை வேறு. வாடையை உங்களால் நிறுத்த முடியாது. சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடலாம்.

ஒன்றாம் தேதியிலிருந்து குறிக்கத் தொடங்குங்கள். அடுத்த கடிதத்தில் இரண்டு எண்கள் போதும்: ‘வ’ எத்தனை, ‘மா’ எத்தனை.