ஆயா பார்த்த நெருப்பு

அன்புள்ள ஐயா,

வட சென்னையைப் பற்றித் தாங்கள் எழுதுவதைத் தொடர்ந்து படித்து வருகிறேன். என் அம்மாவைப் பெற்ற ஆயா பழைய வண்ணாரப்பேட்டையில் பிறந்து வளர்ந்தவர். 1942-இல் அவருக்குப் பன்னிரண்டு வயது. ஜப்பான்காரன் குண்டு போட்டு எண்ணெய்த் தொட்டி எரிந்ததையும், வானம் விடிய விடியச் சிவந்து கிடந்ததையும் கண்ணால் பார்த்ததாகக் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். அந்த ஆண்டு சென்னையில் குண்டே விழவில்லை, ஆயா கதை கட்டியிருக்கிறது என்கிறார் என் அண்ணன்.

குண்டுக்குப் பயந்து ஊர் காலியானபோது ஆயாவின் அப்பா, தங்கசாலைத் தெருவில் ஒரு மண்டிக்காரர் வீட்டுச் சாவிக்கொத்தை வாங்கிவைத்துக்கொண்டு இரவில் காவல் இருந்தாராம். பகலில் துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். கம்யூனிஸ்டுகளின் செங்கொடிச் சங்கத்தில் இருந்தார். 'வெள்ளையனே வெளியேறு' என்ற ஆகஸ்ட் போராட்டத்தில் சேரவில்லை என்பதற்காக உறவினர் சிலர் அவரை இன்றும் 'வெள்ளைக்காரனுக்கு மூட்டை தூக்கியவர்' என்றே குறிப்பிடுகிறார்கள். சோசலிஸ்ட் பார்வையில் எழுதும் தாங்கள் இவ்விரண்டைப் பற்றியும் என்ன நினைக்கிறீர்கள்?

ஒரு வாசகர்,
பழைய வண்ணாரப்பேட்டை

*

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் அண்ணன் ஆண்டைச் சரியாகச் சொல்கிறார். ஆயாவைத்தான் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறார். எண்ணெய்த் தொட்டி எரிந்தது உண்மை. எரித்தது ஜெர்மானியக் கப்பலான எம்டன். நாள் 1914 செப்டம்பர் 22, இரவு. துறைமுகத்துக்கு எதிரே வந்து நின்ற அந்தக் கப்பல், அரை மணி நேரத்துக்குள் சுமார் 130 குண்டுகளைச் சுட்டு, பர்மா ஆயில் கம்பெனியின் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போயிற்று. உயர் நீதிமன்றத்தின் கிழக்குச் சுற்றுச்சுவரில் அதற்கான கல்வெட்டு இன்றும் இருக்கிறது. கெட்டிக்காரப் பேர்வழியை 'அவன் பெரிய எம்டன்' என்று நம் தெருக்களில் சொல்வதும் அந்த இரவின் மிச்சம்தான். ஆயாவின் தாயார் அப்போது சிறுமியாக இருந்திருப்பார். இருபத்தெட்டு ஆண்டுகள் கழித்துச் சைரன் ஊதி, விளக்குகளை அணைக்கச் சொல்லி, வீட்டிலுள்ளவர்கள் இருட்டில் ஒண்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, அந்தத் தாய் தன் மகளுக்கு எதைச் சொல்லியிருப்பார்? தான் பார்த்த நெருப்பைத்தான் சொல்லியிருப்பார். பிறகு 1943 அக்டோபரில் ஒற்றை ஜப்பானிய விமானம் வந்து துறைமுகப் பக்கம் சில குண்டுகளைப் போட்டபோது ஆயாவுக்குப் பதின்மூன்று வயது. தாயின் நெருப்பும் தன் காதில் விழுந்த வெடியும் ஊர் காலியான ஆண்டோடு ஒட்டிக்கொண்டுவிட்டன. இதைப் பொய் என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. வாய்வழிச் செய்திகளைச் சேகரிக்கும் எவரும் முதலில் பழகிக்கொள்ள வேண்டிய சங்கதி இது.

குண்டு விழுந்ததா என்பதைவிட, உங்கள் கடிதத்தில் நீங்கள் இரண்டே வரியில் கடந்துபோன சாவிக்கொத்து எனக்குப் பெரிதாகப் படுகிறது.

1942 ஏப்ரலில் நடந்ததைச் சற்று நினைவுபடுத்திக்கொள்வோம். மார்ச் 8 அன்று ரங்கூன் வீழ்ந்தது. ஏப்ரல் 5 அன்று கொழும்பின் மீது விமானத் தாக்குதல். மறுநாளே விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்தது. அடுத்தது சென்னைதான் என்று ஆளுநர் ஆர்தர் ஹோப் தலைமையிலிருந்த மாகாண அரசு முடிவு கட்டி, அவசியமான வேலையில் இல்லாதவர்கள் நகரை விட்டு வெளியேறலாம் என்று அறிவித்துவிட்டு, தன் அலுவலகங்களையும் உள்நாட்டு ஊர்களுக்கு மூட்டை கட்டியது. உயர் நீதிமன்றம் கோயம்புத்தூருக்குப் போயிற்று. மூர் மார்க்கெட்டுக்குப் பின்புறம் இருந்த உயிர் காலேஜில், அதாவது மிருகக்காட்சிசாலையில், சிங்கம், புலிகளைச் சுட்டுக் கொன்றார்கள். குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் அவை தெருவுக்கு வந்துவிடுமே என்ற பயம். ரயிலிலும் மாட்டு வண்டியிலும் கால்நடையாகவும் லட்சக்கணக்கானவர்கள் சில நாட்களில் நகரை விட்டுக் கிளம்பினார்கள். எங்கள் வீட்டுப் பெரியவர்கள் இதை 'எவாக்குவேஷன்' என்றே சொல்வார்கள். நாக்கில் எளிதாக நிற்காத அந்தச் சொல்லை எழுத்தறியாதவர்களும் பிசகாமல் உச்சரிப்பது எனக்குச் சிறு வயதில் வேடிக்கையாக இருக்கும்.

அந்த அறிவிப்பில் 'அவசியமான வேலை' என்று ஒரு சொல் வருகிறது, பாருங்கள். துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர், பெரம்பூர் ரயில்வே பட்டறையில் இரும்பு அடிக்கிறவர், பின்னி ஆலையில் தறி ஓட்டுகிறவர், தெருக் கூட்டுகிறவர், மலம் அள்ளுகிறவர் எல்லோரும் அன்றைக்கு ஒரே நாளில் அவசியமானவர்கள் ஆகிவிட்டார்கள். கூலி உயர்வு கேட்டபோது அவர்களை யாரும் அப்படி அழைத்ததில்லை. போக விரும்பினாலும் போக இடம் வேண்டும். ஊரில் ஒரு வீடு, வீட்டில் நாலு மாதத்துக்கு நெல், போய்ச் சேர வண்டிக் கூலி எல்லாம் வேண்டும். கொண்டித்தோப்பிலும் காசிமேட்டிலும் நாள் கூலிக்கு இருந்தவர்களில் எத்தனை பேருக்கு அது இருந்திருக்கும்? மண்டிக்காரர் ஊருக்குப் போனார். அவர் வீட்டுச் சாவி உங்கள் கொள்ளுத் தாத்தாவின் இடுப்பில் தொங்கியது. குண்டு விழுந்திருந்தால் அது அந்தப் பூட்டிய வீட்டின் மீதும், அதன் திண்ணையில் காவலுக்குப் படுத்திருந்தவர் மீதும் சேர்ந்தே விழுந்திருக்கும். சோசலிஸ்ட் பார்வை என்று நீங்கள் கேட்டதற்கு, அந்தத் திண்ணையிலிருந்து பார்ப்பதே என்னுடைய பார்வை என்று சொல்லிக்கொள்கிறேன்.

இரண்டாவது கேள்வி கடினமானது. சுற்றி வளைக்காமல் சொல்கிறேன்: 1942 ஆகஸ்டில் கம்யூனிஸ்ட் கட்சி எடுத்த நிலைப்பாடு தவறு என்பதே என் கருத்து. 1941 ஜூன் 22-இல் ஹிட்லரின் படை சோவியத் நாட்டுக்குள் நுழைந்ததும் போரின் தன்மையே மாறிவிட்டது என்ற கணிப்பில் உண்மை இருந்தது. ஆனால் 1942 ஜூலையில் கட்சி மீதிருந்த தடையை நீக்கிய அதே அரசு, அடுத்த மாதமே காங்கிரஸ் தலைவர்களை ஒரே விடியலில் அள்ளிக்கொண்டுபோய்ச் சிறையில் அடைத்தபோது, உற்பத்தி கெடக்கூடாது என்று கட்சி தொழிலாளியிடம் போய்ச் சொன்னது மக்களிடமிருந்து விலகி நின்ற செயல்தான். காங்கிரஸ் சோசலிஸ்டுகள் அன்று எதிர்ப்பக்கம் நின்று போராடினார்கள். அவர்கள் பக்கம் நியாயம் இருந்தது.

ஆனால் கட்சியின் தவறுக்குரிய பழியை மூட்டை தூக்கிய ஒருவரின் முதுகில் ஏற்றுவதை என்னால் ஏற்க முடியாது. ஜப்பான் வந்தால் விடுதலை வரும் என்று அன்று பலர் நம்பினார்கள். மலேயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான தமிழர்கள் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தது அந்த நம்பிக்கையில்தான், அவர்கள் தியாகத்தை நான் குறைத்துப் பேசவில்லை. அதே தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்களை அதே ஜப்பானிய ராணுவம் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட இழுத்துச் சென்று, காலராவிலும் பட்டினியிலும் சாகவிட்டது என்பதும் அந்தப் போரின் கணக்கில் வருகிறது. 'வெள்ளைக்காரனுக்கு மூட்டை தூக்கியவர்' என்று சொல்லும் உறவினர்களிடம் ஒன்று கேளுங்கள்: மூட்டையில் இருந்தது அரிசியாக இருந்தால்? பர்மா அரிசி நின்றுபோய் நகரம் ரேஷன் கடை வரிசைக்கு வந்த காலம் அது.

எங்கள் வீட்டில் இரண்டு தரப்பும் இருந்தது. என் தாத்தா துறைமுகத்தில் இருந்தார். அவருடைய மச்சான் ரங்கூனில் ஒரு அரிசி ஆலையில் வேலை பார்த்துவிட்டு, 1942-இல் பர்மா எல்லை ஊரான தாமு வழியாக மணிப்பூருக்கு நடந்தே வந்து சேர்ந்தவர். வெள்ளையருக்கு ஒரு பாதை, கறுப்பருக்கு ஒரு பாதை என்று அன்றே புகார் எழுந்த பயணம் அது. அவர் சாகும்வரை நேதாஜி படத்துக்குப் பூ வைத்தார், தாத்தா வைக்கவில்லை. இருவரும் மாலை நேரங்களில் ராயபுரத்துத் திண்ணையில் உட்கார்ந்து சண்டை போட்டுக்கொண்டே தேநீர் குடிப்பார்கள். மச்சான் குடிப்பது மட்டும் ரங்கூனிலிருந்து இடுப்பில் கட்டிக்கொண்டு வந்த எனாமல் குவளையில். நீல விளிம்பு, வெள்ளை உடம்பு, பிடியின் அருகே எனாமல் பெயர்ந்து கறுத்த இரும்பு. அடியில் விழுந்த ஓட்டைக்குத் தாத்தாதான் துறைமுகத்தில் யாரையோ பிடித்து ஈயம் பற்ற வைத்துக் கொண்டுவந்தாராம். நடந்து வந்த வழியைப் பற்றி மச்சான் ஒருநாளும் வாய் திறந்ததில்லை; குவளையை மட்டும் யாரையும் கழுவ விடமாட்டார். நான் அதைப் பற்றிக் கேட்கும் வயதுக்கு வந்தபோது இருவரும் இல்லை, குவளையும் இல்லை.

அதனால்தான் உங்களிடம் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். உங்கள் அம்மா இருக்கிறார் என்று நம்புகிறேன். எண்ணெய்த் தொட்டியைப் பற்றி அவரிடம் கேட்க வேண்டாம். மண்டிக்காரர் திரும்பி வந்தாரா, காவலுக்கு என்ன கொடுத்தார், ஆயாவின் அப்பா அந்த வீட்டுக்குள் ஒரு நாளாவது போய்ப் படுத்தாரா அல்லது கடைசிவரை திண்ணையிலேயே இருந்தாரா என்று கேட்டு, அவர் சொல்லும் சொல்லிலேயே எழுதி அனுப்புங்கள்.

அன்புடன்.