இறைபக்தியும் பிறர்மேல் அக்கறையும் உள்ளவர் என்பதற்காக ஒருவரைத் தலைவராக நம்பிவிடலாமா?

பக்தியை மட்டும் பார்த்து நம்பாதீர்கள். அந்தப் பக்தி அவர் கையை எந்த இடத்தில் தடுக்கிறது என்று பாருங்கள். மலேசியாவின் பினாங்கில் தைப்பூசத் தண்ணீர்ப் பந்தல் ஒன்றில் பதினாறு ஆண்டுகளாக எடுபிடி வேலை செய்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன்.

எங்கள் பந்தல் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகும் சாலையில் இருக்கிறது. முதல்நாள் ரதம் கடந்து போகும்போது வழியெங்கும் சிதறுதேங்காய் உடைப்பார்கள். மாநகராட்சிப் பணியாளர்கள் அள்ளிக்கொண்டு போவார்கள். ஆனாலும் விரல்நகம் அளவுள்ள ஓட்டுச் சில்லுகள் தார்ச்சாலையில் ஒட்டிக்கொண்டு கிடக்கும். மறுநாள் காவடி எடுப்பவர்கள் வெறுங்காலோடு அதன்மேல்தான் நடக்க வேண்டும். எங்கள் பந்தல் தலைவர் விடியற்காலையில் குனிந்து குனிந்து அந்தச் சில்லுகளைப் பொறுக்குவார். வெயில் ஏறியதும் ரப்பர் குழாயை இழுத்து வந்து சாலையை நனைப்பார். மாலை மரியாதைக்கு அழைத்தால், "கொஞ்சம் இருங்கள், ரோடு கொதிக்கிறது" என்பார். சொற்பொழிவு எதுவும் அவரிடம் கேட்டதில்லை. பேசவும் வராது.

ஒரு வருடம் கணக்கில் 380 வெள்ளி (ரிங்கிட்) இடித்தது. ஐஸ் வாங்கியதற்கு ரசீது வாங்க மறந்திருந்தோம் என்பது எங்கள் ஊகம். ஐஸ் செலவிலேயே சேர்த்து எழுதிவிடலாம், யார் கேட்கப் போகிறார்கள் என்றேன். ஆம், நான்தான் சொன்னேன். அவர் சம்மதிக்கவில்லை. பந்தல் தூணில் ஒட்டும் கணக்குத் தாளில், "கணக்கில் வராதது 380 வெள்ளி, பொறுப்பு தலைவர்" என்று சிவப்பு மையில் எழுதினார். "சிவன் சொத்து குலநாசம் என்று அம்மா சொல்லிச் சொல்லியே வளர்த்துவிட்டாள். அந்தப் பயம் அறுபது வயதிலும் போகவில்லை" என்று சிரித்தார். ஐஸ் கடைச் சீன முதலாளி அந்தச் சிவப்பு வரி என்ன என்று விசாரித்துவிட்டுப் போனார். அடுத்த ஆண்டிலிருந்து எங்களிடம் முன்பணம் கேட்பதில்லை.

இதற்கு நேர்மாறான சங்கத் தலைவர் ஒருவரையும் பார்த்திருக்கிறேன். பெயர் வேண்டாம். நெற்றி நிறையத் திருநீறு, கூட்டத்துக்குக் கூட்டம் தேவாரம். ஆண்டுக் கூட்டம் முடிந்த 60 நாளுக்குள் சங்கங்களின் பதிவிலாகாவுக்குக் கணக்கு அனுப்ப வேண்டும் என்று 1966ஆம் ஆண்டுச் சங்கச் சட்டம் சொல்கிறது. அதைக் கேட்டவரை, "சாமி காரியத்தில் சந்தேகமா?" என்று மடக்கினார். சாமியைக் கேடயமாகப் பிடிக்கிறவரிடம் எனக்கு நம்பிக்கை வருவதில்லை.

பள்ளியில் நாம் ஒப்பித்த ருக்குன் நெகாராவை, நம் நாட்டின் தேசியக் கோட்பாட்டை, நினைத்துப் பாருங்கள். 1969 இனக் கலவரத்துக்குப் பிறகு, 1970இல் வந்தது. முதல் கோட்பாடு இறைநம்பிக்கை, ஐந்தாவது நன்னடத்தையும் ஒழுக்கமும். முதலாவதை எவரும் மேடையில் சொல்லிவிடலாம். ஐந்தாவதற்குக் கூடவே இருந்து பார்த்தவர்கள்தான் சாட்சி.

என் தாத்தா கெடா மாநிலத்து ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, குடும்பம் குடும்பமாக வெளியேற்றப்பட்ட காலம் அது. தொழிலாளர்களே சேர்ந்து தோட்டங்களை வாங்குவதற்காக, 1960இல் மலேசிய இந்தியர் தலைவர் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, தாத்தா பத்துப் பத்து வெள்ளியாகப் பங்குப் பணம் கட்டினார். கங்காணியிடமும் வட்டிக்காரனிடமும் ஏமாந்த மனிதர் எதை நம்பிக் கட்டினீர்கள் என்று கேட்டேன். "நம்ம வீட்டுக் கஷ்டம் தெரிஞ்ச ஆளு" என்றார். சம்பந்தன் எந்தச் சாமியைக் கும்பிட்டார் என்பது தாத்தாவின் பதிலில் வரவே இல்லை. எனக்கு அது அப்போது உறைக்கவில்லை.

ஆகவே உங்கள் சங்கத் தேர்தலில் நிற்பவரிடம் போன ஆண்டுக் கணக்கைக் கேட்டுப் பாருங்கள். முகம் சுளிக்கிறாரா, தாளைத் தேடி எடுக்கிறாரா என்பதிலேயே பாதி தெரிந்துவிடும். மீதியை நாற்காலி அடுக்கும் பையன்களிடம் விசாரியுங்கள்.

எங்கள் தலைவருக்கு இப்போது முழங்கால் வலி. இந்தத் தைப்பூசத்துக்குப் பந்தலில் உட்கார்ந்துதான் இருந்தார். கணக்குத் தாளை நான் எழுதிக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டு ஒருமுறை பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. பிறகு சாலைப் பக்கம் தலையைத் திருப்பி, "தண்ணீர் ஊற்றியாயிற்றா?" என்றார்.