டைரக்டட் எவல்யூஷனில் நொதியின் தேர்வுத்திறன் கூடுவது வெறும் அதிர்ஷ்டமா?

கும்பகோணத்தில் எம்.எஸ்சி. உயிர்வேதியியல் படிக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: ஜீனைக் கண்டபடி மாற்றிவிட்டு நல்லது வருமா என்று காத்திருப்பதுதானே டைரக்டட் எவல்யூஷன், அதை வைத்து ஒரு லைபேஸின் தேர்வுத்திறனை எப்படிக் கூட்டுவது, எங்களுடையது மாதிரி சின்ன ஆய்வகத்தில் நடக்குமா?

மாற்றம் குருட்டாம்போக்கில் வருவதுதான், மறுக்கவில்லை. ஆனால் வந்தவற்றில் எதை வைத்துக்கொள்வது, எதைத் தள்ளுவது என்பதை நீங்கள்தான் முடிவு செய்கிறீர்கள். வேலை முழுக்க அங்கேதான் இருக்கிறது.

லைபேஸ் நம் ஊருக்குப் புதிதில்லை. மில்லில் இருந்து வந்த தவிட்டைச் சூடுகாட்டாமல் மூட்டையில் கட்டி வைத்தால் சீக்கிரமே காறிப்போகிறதே, அது தவிட்டிலுள்ள லைபேஸ் கொழுப்பை உடைப்பதால்தான். அந்த வேலைக்குத் தேர்வுத்திறன் தேவையில்லை. மருந்துக்கான மூலப்பொருள் என்றால் கதை வேறு, ஒரே மூலக்கூறின் இடக்கை வடிவமும் வலக்கை வடிவமும் கலந்திருக்கும்போது ஒன்றை மட்டும் உடைத்து மற்றதை விட்டுவைக்க வேண்டும், அதுதான் தேர்வுத்திறன்.

ஜெர்மனியின் மியூல்ஹைமில் மான்ஃபிரெட் ரீட்ஸ் குழு 1997-ல் இதைத்தான் செய்துகாட்டியது. அவர்கள் எடுத்த சூடோமோனாஸ் ஏருஜினோசா லைபேஸ், சோதனைக்கு எடுத்த ஒரு எஸ்டரின் (அமிலமும் ஆல்கஹாலும் சேர்ந்த சேர்மம், கொழுப்பும் இந்த வகைதான்) இரண்டு வடிவங்களையும் கிட்டத்தட்ட ஒன்றாகவே நடத்தியது, விளைபொருளில் 51-க்கு 49 என்ற அளவில்தான் வித்தியாசம். நான்கு சுற்று மாற்றம், சோதனை, தேர்வு முடிந்தபோது அது ஏறக்குறைய 90-க்கு 10 ஆனது. எப்படிக் கண்டுபிடித்தார்கள்? எஸ்டரில் பாரா-நைட்ரோஃபீனைல் என்ற பகுதி ஒட்டியிருந்தது, உடைந்தால் மஞ்சள் நிறம் வரும். கலவையாகப் போட்டு மஞ்சளை மட்டும் அளந்தால் இரண்டையும் வேகமாகத் தின்னும் நொதிதான் முதலிடம் பிடிக்கும், அதனால் இரண்டு வடிவங்களையும் சோதனைத் தட்டின் தனித்தனிக் குழிகளில் வைத்து எந்த மாற்று நொதிக்கு வேக வித்தியாசம் அதிகம் என்று பார்த்தார்கள். ஆடுதுறையில் மகசூலை மட்டும் பார்த்து நெல் ரகம் தேர்ந்தெடுத்திருந்தால் ஐப்பசி மழைக்குச் சாயும் பயிர்தான் மிஞ்சியிருக்கும், அதே கதைதான் இது.

அந்த லைபேஸில் 285 அமினோ அமிலங்கள். ஒரே ஒரு இடத்தை மாற்றினால் 5,415 வகை, இரண்டு இடம் என்றால் ஏறத்தாழ 1.46 கோடி. எல்லாவற்றையும் யாராலும் சோதிக்க முடியாது. அதனால்தான் ரீட்ஸ் குழுவே பிறகு வினை நடக்கும் பள்ளத்தைச் சுற்றியுள்ள இடங்களை மட்டும் சிறுசிறு கூட்டமாக எடுத்து, ஒன்றில் வென்றதன் மேல் அடுத்ததை மாற்றும் முறைக்குப் போனது. சின்ன ஆய்வகத்துக்கு ஏற்றது இதுதான்.

சர்க்கரை நோய்க்கான சிட்டாகிளிப்டின் மருந்தை மாற்றியமைத்த நொதியை வைத்துத் தயாரித்ததையும் (மெர்க், கோடெக்சிஸ் நிறுவனங்கள், 2010) எல்லோரும் இதற்கு உதாரணமாகச் சொல்வார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடில்லை. 27 மாற்றங்கள் செய்து 99.95 சதவீதத் தூய்மை எடுத்தது பெரிய சாதனை, ரோடியம் வினையூக்கியும் உயர் அழுத்தமும் தேவைப்படாமல் போனது, எல்லாம் சரி. ஆனால் அந்த நொதிக் குடும்பம் முதலிலேயே சரியான கைப்பக்கம்தான் இருந்தது. அந்தப் பெரிய மூலக்கூறு பள்ளத்துக்குள் நுழையவே முடியாததுதான் அங்கே சிக்கல்.

உங்கள் விஷயத்துக்கு வருவோம். பள்ளத்தை ஒட்டிய இரண்டு இடங்களை எடுங்கள், என்.டி.டி. கோடான் (அந்த இடத்தில் சில அமினோ அமிலங்கள் மட்டும் வரும்படி செய்யும் டி.என்.ஏ. எழுத்துக் கலவை) போடுங்கள். 20-க்குப் பதில் 12 அமினோ அமிலம்தான் வரும், ஆனால் 95 சதவீத வகைகளைத் தொட சுமார் 430 காலனி (ஒவ்வொன்றும் ஒரு மாற்று நொதியைச் செய்யும் பாக்டீரியாத் திட்டு) போதும். இருபதும் வரும் என்.என்.கே. கோடான் போட்டால் மூவாயிரம் தாண்டும். 430 என்றால் 96 குழித் தட்டு ஐந்து, இரண்டு வடிவத்துக்கும் சேர்த்து பத்து, மாற்றாத தாய் நொதியையும் கூடவே வைக்க மறக்காதீர்கள். அப்புறம் சித்திரை வெயிலில் ஓரக் குழிகள் காய்ந்துபோய் எண்கள் பொய் சொல்லும், தட்டை நன்றாக மூடுங்கள் அல்லது ஓரத்தை விட்டுவிடுங்கள்.

கடைசியில் தேறும் நாலைந்தை மட்டும் உண்மையான கலவையில் ஓட்டிக் கைரல் ஜி.சி.யில் (இடக்கை, வலக்கை வடிவங்களைப் பிரித்து அளக்கும் வாயு குரோமட்டோகிராஃபிக் கருவி) பாருங்கள், ஏனென்றால் இரண்டு வடிவமும் ஒரே குழியில் போட்டிபோடும்போது தனித்தனியே அளந்த வித்தியாசம் அப்படியே நிற்பதில்லை. எங்கள் துறையில் அந்தக் கருவி கிடையாது. உங்களிடமும் இல்லையென்றால் திருச்சிக்கோ சென்னைக்கோ அனுப்ப வேண்டியிருக்கும், அந்தச் செலவைப் புராஜெக்ட் விண்ணப்பத்திலேயே எழுதிவிடுங்கள்.