காங்கேசன்துறைக் கடலில் மகளின் கால் வெட்டினது ஏன்?

உங்கட மகளின்ர காலை வெட்டினது போத்தில் ஓடா இராது, பெரும்பாலும் முருகைக்கல், அதாவது பவளப்பாறை. அந்தக் கரையில சுண்ணக்கல்லுக்கு மேல மணல் மெல்லிசாத்தான் கிடக்கும். பக்கத்தில 1990 வரை ஓடின சீமெந்து ஆலையும் இந்தச் சுண்ணக்கல்லை நம்பித்தான் வந்தது.

இறங்க முதல் கரையில நிண்டு பாருங்கோ. தண்ணிக்குள்ள கபிலத் திட்டுத் திட்டாத் தெரிஞ்சால் கல். ஒரே சீரா வெளிர்பச்சையெண்டால் மணல். காலமை காத்து எழும்ப முதல் அடி வடிவாத் தெரியும். குதிக்கால் வார் உள்ள றப்பர்ச் செருப்பு போடுங்கோ. சாதாரணச் செருப்பை அலை கழட்டிப்போடும்.

காயத்தை நல்ல தண்ணியில நிறைய நேரம் கழுவுங்கோ, கல்துகள் உள்ளுக்க நிண்டால் சீழ் வைக்கும். ஏற்பு (டெட்டனஸ்) ஊசி போட்டதோ எண்டும் பாருங்கோ.

வாடைக்காலத்தில தண்ணி கலங்கியிருக்கும், நிறம் பார்த்துச் சொல்லேலாது. அப்ப கடல் வேண்டாம். பக்கத்தில உள்ள கீரிமலை நன்னீர்க் கேணிக்குக் கூட்டிப்போங்கோ.