ஐரோப்பியப் பழங்கால வாள்வீச்சுப் பயிற்சி முகாமுக்கு முன் அனுபவம் இல்லாமல் போகலாமா? அங்கே என்னதான் சொல்லித் தருவார்கள்?

தாராளமாகப் போகலாம். நான் போனபோது வாளைத் தொட்டதுகூட இல்லை. வேலைக்காக ஜெர்மனியில் இருக்கிறேன். போன வருடம் ஒரு சனி, ஞாயிறு, விளையாட்டுக் கூடம் ஒன்றில் நடந்த முகாம் அது. இரண்டு கையாலும் பிடிக்கும் நீள்வாள் மட்டும்தான் பாடம். ஃபெடர் என்கிற பயிற்சி வாளைக் கொடுத்தார்கள். ஒன்றரைக் கிலோதான் இருக்கும். பழைய வாள்களைத் தூக்கவே பயில்வான் வேண்டும் என்று நினைத்திருந்தால் அதை மறந்துவிடுங்கள்.

இந்த வித்தை ஆசானிடமிருந்து சீடனுக்கு என்று இன்றுவரை தொடர்ந்து வந்ததல்ல. நடுவில் அறுந்துபோனது. மிஞ்சியவை கையெழுத்துப் பிரதிகளும், யோஆகிம் மேயர் 1570-ல் அச்சிட்டது போன்ற புத்தகங்களும்தான். 14-ம் நூற்றாண்டு ஆசான் யோஹன்னஸ் லீக்டெனவர் தன் வித்தையைச் செய்யுளாக விட்டுப்போனார். கண்டவர் கைக்கும் போகக் கூடாது என்று மறைபொருளாகவே செய்தாராம். பின்னால் வந்தவர்கள் அதற்கு உரை எழுதினார்கள். நூற்பாவையும் உரையையும் சேர்த்தே படித்துப் பழகிய நமக்கு இது அந்நியமாகவே தெரியாது.

சனிக்கிழமை முழுக்க அந்தச் செய்யுளின் இரண்டே வரிகள். 'மேலிருந்து வெட்டுபவனைச் சினவெட்டின் முனை மிரட்டும். அதை அவன் உணர்ந்துகொண்டால் வாளை மேலே எடு, ஆபத்தில்லை' என்பது அவற்றின் சாரம். எதிராளி மேலிருந்து வெட்டுகிறான். நீங்களும் வலது தோளிலிருந்து சாய்வாக வெட்டுகிறீர்கள், அதுதான் சினவெட்டு. வாள்கள் மோதி ஒட்டி நிற்கின்றன. அவன் பிடி தளர்ந்திருந்தால் அப்படியே முகத்தை நோக்கிக் குத்து. அவன் சுதாரித்து உங்கள் வாளை ஒதுக்கித் தள்ளினால், எதிர்த்துத் தள்ளக் கூடாது. வாளை அவன் வாளுக்கு மேலாக எடுத்து மறுபக்கம் வெட்ட வேண்டும்.

படிக்க எளிது. ஆனால் அவன் தள்ளுகிறானா, தளர்கிறானா என்று கண் பார்த்து முடிவுசெய்வதற்குள் காலம் கடந்துவிடும். அதனால் கண்ணை மூடச் சொன்னார்கள். முகமூடி போட்டு, வாளோடு வாள் ஒட்டி, மெதுவாக. உள்ளங்கையில் வரும் அழுத்தத்தை மட்டும் வைத்துப் பதில் சொல்ல வேண்டும். இதைத்தான் உரைகள் ஃப்யூலென், அதாவது உணர்தல், என்கின்றன. முதல் ஒரு மணி நேரம் எனக்கு ஒன்றுமே பிடிபடவில்லை. பிடியை இறுக்கி வைத்திருந்தேன். என் ஜோடியாக நின்ற பெண்மணி "விரலைத் தளர்த்துங்கள், வாள் தானே சொல்லும்" என்றார். அப்புறம்தான் அந்த இரண்டாம் வரி கைக்குப் புரிந்தது. அறுநூறு வருடத்துக்கு முந்தைய ஒரு வரி, உரையும் அகராதியும் இல்லாமல், மணிக்கட்டு வழியாகப் புரிவது என்பது நான் வேறெங்கும் அனுபவிக்காத ஒன்று.

ஞாயிற்றுக்கிழமை சொல்லித்தந்த இருவருக்குள்ளேயே, மேலே எடுக்கும்போது காலும் நகர வேண்டுமா என்பதில் கருத்து வேறுபாடு. மூலத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு விதமாகவும் வாளால் செய்துபார்த்து அரைமணி நேரம் வாதாடினார்கள். முடிவு வரவில்லை. முகாமிலேயே எனக்கு மிகவும் பிடித்த நேரம் அதுதான்.

சரி, நீங்கள் போவதானால்: வாளும் முகமூடியும் இரவல் கிடைக்குமா என்று முன்பே எழுதிக் கேளுங்கள். முக்கியமாகக் கையுறை. அதிகம் அடிபடுவது விரல்கள்தான். இரவல் கையுறை எனக்குப் பெரிதாக இருந்து, இடது கட்டைவிரல் இரண்டு வாரம் வீங்கிக் கிடந்தது. உங்கள் கை அளவைச் சொல்லிக் கேட்டுவையுங்கள்.