நீருக்கடியில் ஒரு தோட்டம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: அடுக்குமாடிக் குடியிருப்பில் இரண்டாவது மாடியில் வசிக்கிறோம். இரண்டடி நீளக் கண்ணாடித் தொட்டியில், கரியமில வாயு சிலிண்டரும் எல்.இ.டி. விளக்கும் பொருத்திச் செடிகள் வளர்க்க விரும்புகிறேன். கையிலுள்ள பணத்தில் பெரும்பகுதியை விளக்குக்கு ஒதுக்கலாமா? கத்திரி வெயிலில் செடிகள் தாங்குமா?
– ஒரு வாசகி, வேளச்சேரி

பதில்: விளக்குக்குப் பெரும்பகுதியை ஒதுக்க வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒளி செடியின் பசியைத் தூண்டுவது. கரியமில வாயுவும் நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியம், இரும்பு முதலிய சத்துகளும் அந்தப் பசிக்கு இடும் சோறு. பசியைத் தூண்டிவிட்டுச் சோறு போடாவிட்டால் செடி நலியும். அது பயன்படுத்த இயலாத ஒளியில் பாசி செழிக்கும். எனவே ஒளியளவைக் கூட்டிக் குறைக்க வழியுள்ள நடுத்தர விளக்கு ஒன்றை வாங்கி, முதல் இரண்டு மாதங்களுக்கு நாளொன்றுக்கு 6 மணி நேரம் மட்டும் எரியவிடுங்கள். மிச்சமாகும் பணத்தை, சிலிண்டரிலிருந்து வரும் வாயுவின் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் நல்ல ரெகுலேட்டருக்கும், தண்ணீரைக் குளிரவைப்பதற்கும் செலவிடுங்கள்.

சென்னையில் இந்தத் தொட்டிகளைக் கெடுப்பது வெப்பம்தான். தரையில் புல்வெளிபோலப் படரும் சிறு செடிகளில் பல 22 முதல் 26 டிகிரி செல்சியஸ் வரையிலான நீரையே விரும்புகின்றன. மே மாதப் பிற்பகலில் ஏ.சி. இல்லாத அறையில் தொட்டி நீர் 32 டிகிரியை எளிதில் தொட்டுவிடும். 25 டிகிரி நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 8.3 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்திருக்க முடியும். 32 டிகிரியில் அது 7.3 மில்லிகிராமாகக் குறைகிறது. அதே வெப்பத்தில் மீன்களுக்கோ முன்னிலும் அதிக ஆக்சிஜன் தேவைப்படுகிறது. நீர்ப்பரப்பின் மீது காற்று வீசும்படி பொருத்தும் சிறு விசிறிகள் நீரை ஆவியாக்கி இரண்டு மூன்று டிகிரி குறைக்கும். காற்றில் ஈரம் மிகுந்த நாட்களில் அந்தப் பலனும் சுருங்கிவிடும். தொட்டி நீரைக் குளிர்விக்கும் சில்லர் கருவி வாங்க இயலுமானால் அதைவிட நல்ல செலவு இல்லை. இயலாவிட்டால், வெப்பம் தாங்கும் செடிகளைத் தேர்ந்தெடுத்து, விளக்கு எரியும் நேரத்தை மாலை 4 மணி முதல் இரவு 10 மணி வரை என மாற்றிவிடுங்கள். பகல் வெப்பத்தோடு விளக்கின் வெப்பமும் சேராது. வீட்டில் எல்லோரும் இருக்கும் நேரத்தில் தொட்டியும் ஒளிரும்.

எடையைப் பற்றியும் எண்ணிக்கொள்ளுங்கள். 60 செ.மீ. நீளமும் 30 செ.மீ. அகலமும் 36 செ.மீ. உயரமும் கொண்ட தொட்டி ஏறத்தாழ 65 லிட்டர் நீர் கொள்ளும். கண்ணாடி, மண், கல் எல்லாம் சேர்த்தால் 90 கிலோவுக்குக் குறையாது. கான்கிரீட் தளத்துக்கு இது பாரமன்று, ஆனால் டி.வி. வைக்கச் செய்த பலகை மேசை இதைத் தாங்காது.

கேள்வி: எங்கள் போர் தண்ணீரின் டி.டி.எஸ். 1400 காட்டுகிறது. அதை ஆர்.ஓ. தண்ணீருடன் கலந்து பயன்படுத்தலாமா?
– ஒரு வாசகர், திருவான்மியூர்

பதில்: கலக்க வேண்டாம். டி.டி.எஸ். மீட்டர் கரைந்துள்ள உப்புகளின் மொத்த அளவைச் சொல்லுமே ஒழிய, அவை எந்த உப்புகள் என்று சொல்லாது. கடலோரப் பகுதிகளின் நிலத்தடி நீரில் சோடியமும் குளோரைடும் மிகுந்திருப்பது வழக்கம். செடிகளுக்கு வேண்டிய கால்சியமும் மெக்னீசியமும் வேண்டிய அளவில் இருக்கும் என்று நம்ப முடியாது. முழுக்க ஆர்.ஓ. நீரையே நிரப்பி, கடினத்தன்மைக்கென விற்கும் தாது உப்புக் கலவையைச் சேர்த்து, டி.டி.எஸ். 120 முதல் 180 வரை கொண்டுவந்தால் போதும். ஆவியாகிக் குறையும் நீரை ஈடுசெய்யும்போது தாது உப்புச் சேர்க்காத வெறும் ஆர்.ஓ. நீரையே ஊற்ற வேண்டும். ஏனெனில் நீர்தான் ஆவியாகிறது, உப்பு தொட்டியிலேயே தங்கிவிடுகிறது. ஆர்.ஓ. கருவி வெளியேற்றும் கழிவு நீரைத் தரை துடைக்கவும் கழிவறைக்கும் பிடித்து வையுங்கள். கோடையில் குடங்களோடு லாரிக்குக் காத்திருந்த ஊர் இது, ஒரு குடமும் வீணாகக் கூடாது.

மெட்ரோ தண்ணீர் சீராக வரும் வீடுகளில் குளோரின் நீக்கும் மருந்தைச் சேர்த்து அதையே பயன்படுத்தலாம். குழாயில் மெட்ரோ தண்ணீர் வருகிறதா, சம்ப்பில் கலந்த லாரித் தண்ணீர் வருகிறதா என்பதை ஒவ்வொரு முறையும் மீட்டரால் அளந்து பாருங்கள்.

கேள்வி: தொட்டிச் செடிகளுக்கென விற்கும் சத்துமண்ணான ஆக்வா சாயில் போட்டுச் செடிகள் நட்டு இரண்டு வாரங்கள் ஆகின்றன. நீர் தெளிவாக இருக்கிறது. கண்ணாடியில் மட்டும் பழுப்பு நிறத்தில் தூசிபோல் படிகிறது. மீன் விடலாமா?
– ஒரு வாசகர், அம்பத்தூர்

பதில்: இப்போது விடாதீர்கள். தெளிந்த நீரெல்லாம் நல்ல நீர் அல்ல. புதிய ஆக்வா சாயில் முதல் சில வாரங்களுக்கு அம்மோனியாவை வெளியிடும். அதை நைட்ரைட்டாகவும் பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் ஃபில்டரில் பெருக நான்கிலிருந்து ஆறு வாரங்கள் பிடிக்கும். அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் சோதனையில் பூஜ்யம் காட்டிய பிறகே மீன் விட வேண்டும். அதுவரை வாரத்துக்கு இரண்டு மூன்று முறை பாதி நீரை மாற்றுங்கள். பழுப்புப் படலம் டயாட்டம் எனப்படும் நுண்பாசி, புதுத் தொட்டிகளில் வந்து தானே மறையக்கூடியது, துடைத்துவிட்டால் போதும்.

கேள்வி: கரியமில வாயுவை நொடிக்கு எத்தனை குமிழி விட வேண்டும்? சிலிண்டரை வீட்டில் வைப்பது ஆபத்தா?
– ஒரு வாசகர், பெரம்பூர்

பதில்: குமிழிகளை எண்ணிப் பயனில்லை, ஒரு கருவியின் குமிழி மற்றொன்றின் குமிழியைவிடப் பெரியதாக இருக்கும். டிராப் செக்கர் என்னும் சிறு கண்ணாடிக் கிண்ணத்தில் 4 டி.கே.எச். (கார்பனேட் கடினத்தன்மையின் அளவு) கரைசலையும் நிறமறிக் கரைசலையும் ஊற்றித் தொட்டிக்குள் ஒட்டிவையுங்கள். நீலம் என்றால் வாயு குறைவு, இளம்பச்சை என்றால் லிட்டருக்கு 30 மில்லிகிராம் அளவில் சரி, மஞ்சள் என்றால் மீனுக்கு ஆபத்து. நிறம் மாற ஒன்றிரண்டு மணி நேரம் ஆகும் என்பதால், அவசரப்பட்டு வால்வை மேலும் திறந்துவிடாதீர்கள். விளக்கு எரிவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே வாயு தொடங்கி, விளக்கு அணைவதற்கு ஒரு மணி நேரம் முன்பு நிற்கும்படி டைமரை அமைத்தால், மின்சாரத்தால் திறக்கும் சோலனாய்டு வால்வு நாள்தோறும் தவறாமல் அதைச் செய்யும். மின்சாரம் போனாலும் அந்த வால்வு மூடிக்கொள்ளும் என்பது நம் ஊருக்குப் பெரிய பாதுகாப்பு. ஃபில்டரை இன்வெர்ட்டரில் இணைத்துவிடுங்கள். இரவில், நீரில் காற்றுக் குமிழி விடும் காற்றுக்கல்லும் ஓடட்டும்.

சிலிண்டரின் முடிவுக்காலத்தில் கவனம் தேவை. உள்ளே திரவம் தீர்ந்து அழுத்தம் இறங்கத் தொடங்கும்போது, அழுத்தத்தை ஒரே கட்டத்தில் குறைக்கும் ஒற்றை நிலை ரெகுலேட்டர் சிலவற்றில் வெளியேறும் அழுத்தம் திடீரென உயர்ந்து, மீதமிருக்கும் வாயு முழுவதும் தொட்டிக்குள் பாய்ந்துவிடும். என் முதல் தொட்டியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை இப்படித்தான் பன்னிரண்டு கார்டினல் டெட்ராக்களை இழந்தேன். அவை நீர்ப்பரப்பில் வாய் பிளந்து நின்ற காட்சி இன்றும் கண்ணில் நிற்கிறது. அழுத்தமானியின் முள் இறங்கத் தொடங்கிய அன்றே சிலிண்டரை மாற்றிவிடுங்கள். முடிந்தால், அழுத்தத்தை இரண்டு கட்டங்களில் குறைக்கும் இரட்டை நிலை ரெகுலேட்டரை வாங்குங்கள்.

சிலிண்டரை நிமிர்த்தி, சாயாமல் கட்டி, வெயில் படாத, காற்றோட்டமுள்ள இடத்தில் வையுங்கள். 31 டிகிரிக்கு மேல் கரியமில வாயு திரவ நிலையில் இருக்க முடியாது; அளவுக்கு மீறி நிரப்பிய சிலிண்டர் வெயிலேறும் பால்கனியில் இருந்தால் அழுத்தம் மிக வேகமாக ஏறும். நிரப்பும் இடத்தில் எடை போட்டு, குறிப்பிட்ட அளவுக்கு மேல் ஒரு கிராமும் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

கேள்வி: வெப்பம் தாங்கும் செடிகள், மீன்கள் எவை? கொளத்தூர் கடைகளில் கிடைக்குமா?
– ஒரு வாசகி, வில்லிவாக்கம்

பதில்: கொளத்தூர் தங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, காலையில் சென்று நிதானமாகப் பார்த்து வாங்குங்கள். ஹைக்ரோஃபிலா பாலிஸ்பெர்மா, ரோட்டாலா ரோட்டண்டிஃபோலியா ஆகியவை நம் நாட்டிலும் இயற்கையாக வளர்பவை. வெளிநாட்டுக் கடைகளில் பக்கோப்பா மொன்னியேரி என்று விற்கும் செடி நம் நீர்ப்பிரம்மிதான்; வயல் ஓரங்களில் படர்ந்து சித்த மருந்துக்குப் பறிக்கப்படும் அதே செடி, நீருக்கடியில் நிமிர்ந்து நின்று வளர்வதைக் காண எனக்கு இன்னும் அலுக்கவில்லை. மீன்களில் நியான் டெட்ரா குளிர்ந்த நீரை விரும்புவது. அதற்குப் பதில் கார்டினல் டெட்ராவையோ ஹார்லெக்வின் ரஸ்போராவையோ எட்டுப் பத்தாக விடுங்கள். மிஸ் கேரளா எனப்படும் மீனை அழகுக்காக வாங்கிவிடாதீர்கள், 15 செ.மீ. வரை வளரும் அதற்கு இரண்டடித் தொட்டி சிறை, மேலும் மேற்குத் தொடர்ச்சி மலை ஆறுகளில் அது அழியும் நிலையில் உள்ள இனம்.

கத்தரித்த தண்டுகளை ஏரியிலோ கால்வாயிலோ எறியாதீர்கள். கூவத்தையும் நம் ஏரிகளையும் மூடிக்கிடக்கும் ஆகாயத்தாமரை தென்னமெரிக்காவிலிருந்து அழகுச் செடியாக வந்ததுதான். தண்டுகளை மொட்டை மாடியில் இரண்டு நாள் நன்றாகக் காயவைத்து, பூந்தொட்டி மண்ணில் புதைத்துவிடுங்கள்.