ஹேர் டிரான்ஸ்பிளான்ட் முடி கொட்டுகிறதா? மூன்றாம் மாதத்தில் யாருக்கும் பணம் கட்டாதீர்கள்

கேள்வி: தண்டையார்பேட்டையில் இருக்கிறேன். வயது 31. துறைமுகம் பக்கம் கன்டெய்னர் யார்டில் வேலை, ஷிப்ட் முழுக்க ஹெல்மெட் போட்டிருக்க வேண்டும். ஆடிக் கடைசியில் முன்தலையில் 2,500 கிராஃப்ட், அதாவது வேரோடு எடுத்த முடிக்கொத்து, வைத்தார்கள். இப்போது இரண்டரை மாதம். வைத்த முடி எல்லாம் கொட்டிவிட்டது, ஆபரேஷனுக்கு முன்னால் இருந்ததைவிட மோசமாகத் தெரிகிறது. அங்கங்கே பரு வேறு. கிளினிக்கில் கேட்டால், "உங்கள் வேர் வீக், ஆறு தடவை பி.ஆர்.பி. ஊசி போட வேண்டும், 36,000 ரூபாய்" என்கிறார்கள். ஏற்கெனவே இ.எம்.ஐ. போய்க்கொண்டிருக்கிறது. போர் தண்ணீர்தான் காரணம் என்கிறார் அப்பா. அம்மா திருத்தணியில் மொட்டை போடுவதாக வேண்டிக்கொண்டிருக்கிறார். கொடுத்த மாத்திரையை நண்பன் பேச்சைக் கேட்டு நிறுத்திவிட்டேன். தை மாதம் கல்யாணம். முடி வருமா?

பதில்: வரும், தம்பி. நீங்கள் எழுதியிருப்பதில் பெரும்பாலானவை இரண்டரை மாதத்தில் எல்லோருக்கும் நடப்பவைதான். அந்த 36,000 ரூபாயை மட்டும் கட்டிவிடாதீர்கள். ஏன் என்று சொல்கிறேன்.

பின்னந்தலையிலிருந்து வேரோடு எடுத்து முன்னால் வைக்கும்போது, அந்த வேருக்குப் போகும் ரத்த ஓட்டம் அறுந்துபோகிறது. புது இடத்தில் மறுபடி ரத்தம் கிடைக்கச் சில நாள் ஆகும். அந்த அதிர்ச்சியில் வேர் ஓய்வுக்குப் போய்விடும். போகும்போது தான் பிடித்திருந்த முடியைக் கைவிட்டுவிடும். இரண்டாவது வாரத்தில் ஆரம்பித்து ஆறு, எட்டு வாரம் வரை இந்தக் கொட்டல் இருக்கும். நாற்றைப் பிடுங்கி நட்டாலும் முதலில் வெளுத்துத்தான் போகும், அப்புறம்தான் பச்சை பிடிக்கும். வைத்த முடியோடு, பக்கத்தில் இருந்த உங்கள் சொந்த முடியும் கொஞ்சம் கொட்டியிருக்கும். அதனால்தான் முன்பைவிட மோசமாகத் தெரிகிறது. அந்தச் சொந்த முடியில் வலுவானவை சில மாதத்தில் திரும்பிவிடும்.

இப்படிக் கொட்டிய முடியைக் காகிதத்தில் மடித்து என்னிடம் கொண்டுவருபவர்கள் உண்டு. "பாருங்க டாக்டர், வேரோட வந்துடுச்சு" என்பார்கள். முடியின் அடியில் குண்டூசித் தலையைவிடச் சின்னதாக, வெள்ளையாக, காய்ந்து ஒன்று ஒட்டியிருக்கும். அது வேர் இல்லை. ஓய்வுக்குப் போன முடியின் அடிமுனை அப்படித்தான் திரண்டிருக்கும். சீப்பில் தினமும் வரும் முடியிலும் உற்றுப் பார்த்தால் இருக்கும். மறுபடி முளைக்கவேண்டிய பகுதி தோலுக்கு அடியில் பத்திரமாக இருக்கிறது. முதல் பத்து நாளுக்குள் தலை இடிபட்டோ, சொறிந்தோ, ஈரமான சதைத் துணுக்கோடும் ரத்தத்தோடும் முடி வந்திருந்தால் அது வேறு. அந்த கிராஃப்ட் போனது போனதுதான். உங்களுக்கு அப்படி நடந்ததாகத் தெரியவில்லை.

இனி கணக்கைப் பார்ப்போம். மூன்று மாதம் முடிந்து நான்காவது மாதத்தில், மெல்லிய, சுருண்ட, நிறம் குறைந்த முடி அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தலைகாட்டும். அதைப் பார்த்து, 'இவ்வளவுதானா' என்று மனம் உடைய வேண்டாம். முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். ஆறாவது மாதத்தில் சுமார் பாதி தெரியும். முன்தலைக்கு முழுப் பலன் தெரிய ஒரு வருடம்; உச்சந்தலைக்கு ஒன்றரை வருடம்கூட ஆகலாம். உங்கள் கல்யாணம் தைக் கடைசியில் என்றாலும் அப்போது ஆறு மாதம்தான் ஆகியிருக்கும். பாதி முடியோடு மணமேடை ஏறுவீர்கள். இதை ஆபரேஷனுக்கு முன்பே உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும். கல்யாணத் தேதியைக் கேட்டுவிட்டு "அதுக்குள்ள சூப்பரா வந்துடும்" என்று சொன்னவர் உங்கள் நாட்காட்டியைப் பார்க்கவில்லை, உங்கள் அவசரத்தைப் பார்த்திருக்கிறார்.

பரு, முளைத்து வரும் முடி தோலை முட்டுவதால் வருவது. கிள்ளாதீர்கள். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த சுத்தமான துணியை வெதுவெதுப்பாகக் கொஞ்ச நேரம் வையுங்கள். ஒரே சமயத்தில் நிறைய வந்தாலோ, வலித்துச் சீழ் கோத்தாலோ, காய்ச்சல் வந்தாலோ டாக்டரிடம் காட்டவேண்டும். ஹெல்மெட்டை முதல் இரண்டு, மூன்று வாரம்தான் தவிர்க்கவேண்டும். இப்போது தாராளமாகப் போடலாம். யார்டில் அதைக் கழற்றி வைப்பதுதான் ஆபத்து. உள்பட்டையை மட்டும் அடிக்கடி துவைத்துக் காயப்போடுங்கள், வியர்வை ஊறிய பட்டைதான் பருவைக் கூட்டும். அப்பா சொல்லும் போர் தண்ணீர் விஷயம்: திருவொற்றியூர், தண்டையார்பேட்டைப் பக்கம் உப்புத் தண்ணீர் என்பது உண்மைதான். அது வெளியே இருக்கும் முடியைச் சொரசொரப்பாக்கும். தோலுக்கு அடியில் இருக்கும் வேரை ஒன்றும் செய்யாது. அம்மாவின் வேண்டுதலுக்கும் தடை இல்லை, சவரக்கத்தி வேர் வரை போகாது. ஏறக்குறைய ஒரு வருடம் ஆகட்டும், அடுத்த ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி போய்விட்டு வாருங்கள்.

இப்போது அந்த 36,000 ரூபாய்க்கு வருவோம். பி.ஆர்.பி. என்பது உங்கள் ரத்தத்தையே கொஞ்சம் எடுத்து, மெஷினில் சுழற்றி, தட்டணுக்கள் நிறைந்த பகுதியைப் பிரித்துத் தலையில் ஊசியாகப் போடுவது. பயனே இல்லை என்று சொல்லமாட்டேன். மெலிந்துவரும் பழைய முடிக்குச் சிலரிடம் ஓரளவு பலன் தருகிறது. ஆனால் ஓய்வில் இருக்கும், நட்ட வேரை எழுப்ப அது வேண்டியதில்லை. அது தானாகவே எழும். தந்திரம் எங்கே இருக்கிறது பாருங்கள். கொட்டி முடிந்து, கண்ணாடியைப் பார்க்கவே பயப்படும் மூன்றாவது மாதத்தில் உங்களை அழைத்து, "வேர் வீக்" என்கிறார்கள். பணம் கட்டுகிறீர்கள். இரண்டு ஊசி போட்டு முடிப்பதற்குள் நான்காவது மாதம் வந்து, முடி தன் பாட்டில் முளைக்கிறது. பேர் ஊசிக்குப் போகிறது. நீங்களே நாலு நண்பர்களிடம், "பி.ஆர்.பி. போட்டேன், வந்துடுச்சு" என்று சொல்கிறீர்கள். விளம்பரம் இலவசம். இதைத் திரும்பத் திரும்பப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது. சும்மா காத்திருந்தாலே நடக்கும் ஒன்றுக்கு, கடன் வாங்கிக் கல்யாணம் செய்யும் பையனிடம் காசு பறிப்பது வைத்தியம் இல்லை. பயோட்டின் மாத்திரை, விலை கூடிய ஷாம்பு, லேசர் தொப்பி எல்லாம் அதே கூடையில் வரும். பயோட்டின் சாப்பிடுபவர்களுக்குத் தைராய்டு ரத்தப் பரிசோதனை தவறான எண் காட்டும் வாய்ப்பும் இருக்கிறது.

உங்களைக் கிளினிக்குக்கு அழைத்துப்போனது யார்? நீங்கள் எழுதவில்லை, ஆனால் எனக்குத் தெரிந்த கதைதான். முடிவெட்டும் கடையிலோ ஜிம்மிலோ ஒருவர், "நம்ம ஆளு இருக்காரு" என்பார். அங்கே போனால் கோட் போட்ட 'கவுன்சிலர்' செல்போன் லைட்டை அடித்துத் தலையைப் பார்ப்பார். வாட்ஸப்பில் முன், பின் படங்கள் வரும். முன் படத்தில் தலை ஈரமாக, மேலே இருந்து வெளிச்சம். பின் படத்தில் காயவைத்து வாரிய தலை. 'வாழ்நாள் கேரண்டி' என்பார். மனித உடம்புக்கு எந்த டாக்டரும் கேரண்டி எழுதித்தர முடியாது. அப்புறம் கிராஃப்ட் கணக்கு. ஒரு கிராஃப்டில் ஒன்றிலிருந்து நான்கு முடி வரை இருக்கும். முடியை எண்ணிவிட்டு கிராஃப்ட் என்று பில் போடும் இடங்கள் இருக்கின்றன. 2,500 என்று நீங்கள் நம்புவது உண்மையில் அதில் பாதியாக இருக்கலாம். பில் வேண்டாமென்றால் ஜி.எஸ்.டி. மிச்சம் என்று சொல்லியிருந்தால், அதுவும் வலைதான். முடி நடவு 18 சதவீத வரி உள்ள சேவை. பில் இல்லையென்றால் நாளைக்கு நீங்கள் அங்கே போனதற்கே சாட்சி கிடையாது.

மாத்திரை விஷயம். நீங்கள் நிறுத்தியது ஃபினாஸ்டரைடு என்று எடுத்துக்கொள்கிறேன். வைத்த முடி பின்னந்தலை முடி. அது பெரும்பாலும் அந்தக் குணத்தோடே நிலைக்கும். அதற்குப் பின்னால் இருக்கும் உங்கள் பழைய முடி அப்படியில்லை, அது மெலிந்துகொண்டேதான் போகும். மாத்திரை அதைக் காக்கத்தான். விட்டுவிட்டால் சில வருடத்தில் முன்னால் ஒரு திட்டு முடி, பின்னால் வழுக்கை என்று நிற்கும். நண்பன் பயமுறுத்தியதில் கொஞ்சம் உண்மை உண்டு: சிலருக்கு ஆசை குறைவது, விறைப்புக் குறைவது, விந்தணு குறைவது, மனச்சோர்வு ஆகியவை வருகின்றன. பெரும்பாலானோருக்கு வருவதில்லை, வந்தாலும் நிறுத்தினால் பொதுவாகச் சரியாகும். கல்யாணத்தை வைத்துக்கொண்டு பயத்தோடு விழுங்கவும் வேண்டாம், நண்பன் சொன்னான் என்று விடவும் வேண்டாம். தோல் டாக்டரிடம் உட்கார்ந்து பேசி முடிவெடுங்கள். வேண்டாம் என்றால் தடவும் மினாக்ஸிடில் இருக்கிறது. அதை ஆரம்பித்த முதல் சில வாரம் இன்னும் கொஞ்சம் கொட்டும், பயப்படாதீர்கள். ஃபினாஸ்டரைடு சாப்பிடும் நாட்களிலும் நிறுத்தி ஒரு மாதம் வரையும் ரத்த தானம் செய்யாதீர்கள். உடைந்த மாத்திரையைக் கர்ப்பிணிகள் தொடக்கூடாது. கல்யாணத்துக்கு அப்புறம் இதை மனைவியிடமும் சொல்லிவிடுங்கள்.

'வரும்' என்று நான் சொன்னதற்கு ஒரு விலக்கு உண்டு. முடி உதிர்வில் எல்லாம் ஒரே வகை இல்லை. லைக்கன் பிளானோபிலாரிஸ் என்று ஒரு தோல் நோய். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே முடிவேரைத் தாக்கி அதைத் தழும்பாக்கிவிடும். தழும்பான இடத்தில் முடி முளைக்காது. அந்த நோய் கனன்றுகொண்டிருக்கும் தலையில் முடி நட்டால், நட்ட முடியையும் அது தின்றுவிடும். சிலருக்கு ஆபரேஷனுக்கு அப்புறமே அது தலைகாட்டுவதும் உண்டு. முதலில் நாலைந்து மாதம் நன்றாக முளைத்து, ஒரு வருடம் கழித்து மெல்ல மெல்லக் காணாமல் போகும். பேஷண்ட் 'வைத்தவன் சரியில்லை' என்று இன்னொரு இடத்தில் இன்னொரு ஆபரேஷனுக்குப் பணம் கட்டுவார்.

பெரம்பூரிலிருந்து வந்த ஒருவர் இப்படி இரண்டு முறை நட்டுக்கொண்டவர். வழுக்கை என்றே எல்லோரும் நினைத்திருந்தார்கள். டெர்மாஸ்கோப் என்கிற வெளிச்சம் உள்ள பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். சாதாரண வழுக்கையில் முடி மெலிந்திருக்கும், ஆனால் துளைகள் இருக்கும். இவருக்கு முன்தலையில் துளையே இல்லை. தோல் பீங்கான் போல வழவழவென்று இருந்தது. ஓரத்தில் மிச்சமிருந்த ஒவ்வொரு முடியும் வெளியே வரும் இடத்தில், குழாய் மாதிரி ஒரு வெள்ளைச் செதில் சுற்றியிருந்தது, அதைச் சுற்றிச் சிவப்பு. "அரிப்பும் எரிச்சலும் ரொம்ப நாளா இருக்கு, பொடுகுன்னு சொன்னாங்க" என்றார். ஒரு சின்னத் தோல் துண்டு எடுத்து பயாப்ஸி செய்து உறுதி செய்தோம். அவருக்குத் தேவைப்பட்டது மருந்து. நோய் அடங்கி ஒன்றிரண்டு வருடமாவது அமைதியாக இருந்தால்தான் ஆபரேஷனைப் பற்றி யோசிக்கவே முடியும்.

ஆகவே உங்களுக்குத் தலையில் தொடர்ந்து அரிப்பு, எரிச்சல், முடியைச் சுற்றிச் சிவப்பு இருந்தாலோ, புருவம் கொட்டினாலோ காத்திருக்காதீர்கள். தோல் டாக்டர் ஒருவர் டெர்மாஸ்கோப்பில் பார்க்கட்டும். ஸ்டான்லி ஆஸ்பத்திரி தோல் பிரிவுக்குக் காலையில் போனால் காசில்லாமல் பார்ப்பார்கள்; வரிசை நீளம், ஒரு நாள் லீவு போடுங்கள். இந்தப் பரிசோதனை உங்களுக்கு ஆபரேஷனுக்கு முன்பே நடந்ததா? செல்போன் லைட்டில் இது தெரியாது.

தேசிய மருத்துவ ஆணையம் 2022 செப்டம்பரிலேயே தெளிவாகச் சொல்லிவிட்டது: முறையான அறுவைப் பயிற்சி பெற்ற, பதிவு பெற்ற டாக்டர்தான் முடி நடவு செய்யவேண்டும், யூட்யூப் பார்த்ததும், பயிலரங்கில் உட்கார்ந்ததும் பயிற்சி ஆகாது. அதற்கு ஆறு வருடம் முன்பு, 2016-ல், இதே சென்னையில் முடி நடவு செய்துகொண்ட ஒரு மருத்துவ மாணவரே இறந்துபோனார். இவ்வளவுக்குப் பிறகும், டெக்னீஷியன் கையில் தலையைக் கொடுத்துவிட்டு டாக்டர் முகத்தையே பார்க்காமல் வந்தவர்கள் என்னிடம் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். புகார் கொடுக்கப் போனால், மருத்துவ கவுன்சில் தன்னிடம் பதிவு செய்த டாக்டரைத்தான் விசாரிக்கும். செய்தவர் டாக்டரே இல்லையென்றால் போலீஸுக்குப் போ என்பார்கள், போலீஸில் சுகாதாரத் துறைக்குப் போ என்பார்கள். முடியை இழந்தவன் மேஜை மேஜையாக அலையவேண்டும். அறிக்கை எழுதத் தெரிந்தவர்களுக்கு, ஒரு மத்தியான நேரம் கிளம்பிப்போய் எந்தக் கதவுக்குப் பின்னால் யார் ஊசி போடுகிறார்கள் என்று பார்க்கத் தெரியாதா?

அதனால் உங்கள் பங்குக்கு இந்த வாரமே கிளினிக்குக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். ஆபரேஷன் செய்த டாக்டரின் பெயர், பதிவு எண், வைத்த கிராஃப்ட் எண்ணிக்கை, கொடுத்த மருந்துகள், ஆபரேஷன் குறிப்பு ஆகியவற்றின் நகல் வேண்டும் என்று கேளுங்கள். ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி, போய்ச் சேர்ந்ததற்கான சான்றை வைத்துக்கொள்ளுங்கள். பதிவு எண் வந்ததும் தமிழ்நாடு மருத்துவ கவுன்சில் பதிவேட்டில் சரிபாருங்கள். கோபத்தில் இ.எம்.ஐ.யை நிறுத்தாதீர்கள், கடன் ஃபைனான்ஸ் கம்பெனியோடு, சிபில் கெட்டுப்போகும். மாதம் ஒரு முறை, ஒரே ஜன்னல் வெளிச்சத்தில், காய்ந்த தலையோடு படம் எடுத்து வையுங்கள். ஒரு வருடம் கழித்தும் முன்தலை வெறிச்சென்றே இருந்தால், அந்தப் படங்களோடும் பில்லோடும் சென்னை வடக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். புகாருக்கு இரண்டு வருடக் கெடு உண்டு. ஆபரேஷன் நாளிலிருந்தே எண்ணி, அதற்குள் கொடுத்துவிடுவதுதான் பாதுகாப்பு.